கடவுளைச் சரிபார்க்கிறவர்

கடவுளைக் கும்பிடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கும்பிடாதவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கக்கத்தில் கறுப்பு உறை போட்ட வேதாகமமும் கண்ணில் சந்தேகமுமாக, மூன்றாவது கூட்டம் ஒன்று நடமாடிக்கொண்டிருக்கிறது. இவர்கள் கடவுளைச் சரிபார்க்கிறவர்கள். அடுத்த வீட்டுக்காரர் யாரைக் கும்பிடுகிறார் என்று தெரிந்துகொள்வது மட்டும் இவர்களுக்குப் போதாது. எப்படிப்பட்டவராக நினைத்துக் கும்பிடுகிறார், ஒருவராகவா, மூவராகவா, மூவராய் இருக்கும் ஒருவராகவா, ஒருவராய் இருந்துகொண்டு மூன்று விதமாய்க் காட்சி தருகிறவராகவா என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. தெரிந்தாலும் இறங்காது. அடுத்த வீட்டுக்காரர் எப்போதும் தப்பாகத்தானே நினைத்துக்கொண்டிருப்பார்?

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டென்றாலும் ஓசூரில் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. தொழிற்பேட்டைக்கு நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு தங்கள் சபையையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே தெருவில் மாதா கோயில், அதைத் தாண்டினால் மலையாளத்தில் பாடும் ஆர்த்தடாக்ஸ் சபை, டயர்க் கடை மாடியில் தமிழ்ப் பெந்தெகொஸ்தே, பதினொரு மணிக்கு மேல் அதே மாடியில் தெலுங்குப் பெந்தெகொஸ்தே, பின்னால் தகரக் கொட்டகையில் கன்னடத்தில் அல்லேலூயா. எல்லாருக்கும் ஒரே வேதம், ஒரே கடவுள். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஐசக் நம்பவில்லை.

ஐசக்குக்கு ஐம்பத்து நாலு வயது. பிறந்தது மத்தூர். ஓசூருக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. வண்டிகளுக்குப் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவார், மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டு. நல்ல வேலைக்காரர், நேர்மையானவர், ஒருத்தர் பொருளுக்கு ஆசைப்படாதவர். ஒரே ஒரு குறை, ஞாயிற்றுக்கிழமையன்று அந்தச் சிவப்புச் சீட்டுக் கட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய சபை வெள்ளைக்காரர் காலத்துச் சீர்திருத்தச் சபை. வெண்கல மணி, நீளமான பெஞ்சுகள், அச்சடித்த ஜெபங்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவர் மற்ற சபைகளை எடைபோட்டார். நீங்கள் எந்தச் சபை என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை. நீங்கள் வாயைத் திறந்தால் போதும். 'தூய ஆவியார்' என்று சொன்னால் நீங்கள் கத்தோலிக்கர். 'பரிசுத்த ஆவியானவர்' என்று சொல்லும்போதே குரல் உயர்ந்து கண் மூடிக்கொண்டால் பெந்தெகொஸ்தே. 'கடவுள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால்தான் ஆபத்து. உங்களைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கீழ்வீட்டு ஜோதிமணி டீச்சர் கத்தோலிக்கர். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் கேக்கும் தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுவந்தார். ஐசக் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கேக்கைப் பார்த்தபடியே கேட்டார்:

"டீச்சர், நீங்க மாதாகிட்ட ஜெபம் பண்றீங்களா, இல்ல உங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி மாதாவக் கேக்கறீங்களா?"

டீச்சர் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தட்டு மட்டும் குடுத்துருங்கண்ணா. அடுத்த ஊட்டுக்குப் போவணும்."

கம்பெனியில் குரியாக்கோஸ் என்ற சூப்பர்வைசர் இருந்தார். கேரளத்து ஆர்த்தடாக்ஸ்காரர். ஒருநாள் கேன்டீனில் அவர் தயிர்சாதத்தில் கை வைத்த நேரம் பார்த்து, பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்று ஐசக் ஆரம்பித்தார். இந்த ஒரு சொல்லுக்காகக் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் ஆயிரம் வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சண்டையை மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். குரியாக்கோஸ் தயிர்சாதத்தை முழுதும் முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஐசக் சாரே, எந்த கேட் வழி வந்நாலும் ஷிப்டுக்கு வந்நல்லோ. அது போதும்." இதை ஐசக் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கதவு தட்டி ஊழியம் செய்கிறவர்களும் உண்டு. இயேசு தேவனால் படைக்கப்பட்டவர், தேவன் அல்ல என்று சொல்லும் யெகோவாவின் சாட்சிகள் இருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டு மணியை அடித்தார்கள். ஊரே அவர்களைப் பார்த்தால் கதவைச் சாத்தும். ஐசக் கதவை அகலத் திறந்து, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மூன்று மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர்கள் எல்லா வீட்டுக்கும் வந்தார்கள், ஐசக் வீட்டைத் தவிர.

சொந்தச் சபையையும் அவர் விட்டுவைக்கவில்லை. திம்மப்பன் என்று ஒரு சாதுவான மனிதர், துணி தேய்க்கும் பிரஸ் கடை வைத்திருப்பவர், ஜெபக் கூட்டத்தில் கண்ணீரோடு "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரிச்சீரே" என்று ஆரம்பித்தார். "பிதா மரிக்கல! குமாரன்!" என்று ஐசக் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். திம்மப்பனுக்குக் கண்ணீரும் நின்றது, ஜெபமும் நின்றது. ஜெபக் கூட்டத்துக்கு அவர் வருவதே கொஞ்ச காலம் நின்றது.

இவ்வளவு பேரைத் திருத்துகிறவர், சரியானது எது என்று காட்டாமல் இருப்பாரா? காட்டினார். ஞாயிறு பள்ளியில் இருபது வருஷம் அவர்தான் ஆசிரியர். வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டியும், பாட்டிலில் தண்ணீரும், பிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துப் போவார். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். "இது ஐஸ். பிதா. இது தண்ணி. குமாரன். இப்ப பாருங்க" என்று பிளாஸ்கைத் திறப்பார். புகைபோல் எழும். "இது என்ன?" என்பார். "ஆவி!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். தமிழே தன் கட்சியில் இருக்கிறது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "மூணும் ஒரே தண்ணிதான். இதுதான் திரித்துவம்."

இந்த ஐசக்குக்கு ஒரே மகள். ஜாஸ்லின். ஓசூரில் வேறொரு கம்பெனியில் கணக்கியல் பிரிவில் வேலை. அந்தக் கம்பெனி பஸ்ஸில் உத்தனப்பள்ளியிலிருந்து ஏறுகிற டெல்வினைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். பையன் கிறிஸ்தவன் என்று கேட்டதும் ஐசக் ஆண்டவரை ஸ்தோத்திரித்தார். எந்தச் சபை என்று கேட்டதும் ஸ்தோத்திரத்தை நிறுத்தினார்.

அது 'இயேசு மட்டும்' சபை. பெந்தெகொஸ்தேகாரர்களிலேயே மற்ற பெந்தெகொஸ்தேகாரர்கள் சேர்த்துக்கொள்ளாத பிரிவு. மூன்று ஆள் என்று கிடையாது, தேவன் ஒருவரே, அவர்தான் பிதாவாகவும் குமாரனாகவும் ஆவியாகவும் வெளிப்பட்டார், அவர் பெயர் இயேசு, ஞானஸ்நானமும் அந்தப் பெயரில் மட்டும்தான் என்பார்கள். ஐசக்கின் பட்டியலில் இதைவிடச் சிவப்பான சீட்டு இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். வருவதற்கு முன்பே ஐசக்கின் மனைவி அருள்செல்வி ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். கிருஷ்ணகிரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்காக ஐசக்கின் சபைக்கு மாறியவர் அவர். பேச்சு குறைவு.

"ஏங்க, கல்யாணம் பேச வர்றாங்க. சாமியப் பத்திப் பேசாதீங்க."

"சாமியப் பத்திப் பேசாம வேற என்ன பேசறது?" என்றார் ஐசக். உண்மையிலேயே அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

டெல்வினின் அப்பா தக்காளி விவசாயி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஒரு கிரேடுப் பெட்டி நிறையத் தக்காளியைத் தோளில் சுமந்தபடியே மாடி ஏறி வந்தார். பெயர் கோவிந்தப்பன். மனைவி சென்னம்மா. சென்னம்மா பிழைக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்ட சமயம், யாரோ ஒரு பாஸ்டர் வந்து ஜெபித்துப் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து குடும்பமே அந்தச் சபை.

"சபைக்கு வந்து முப்பது வருஷம்ங்கறீங்க. பேரு மாத்தலையா?" என்று ஐசக் முதல் கேள்வியைப் போட்டார்.

"பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு எல்லாத்துலயும் மாத்தணுமே பிரதர்" என்றார் கோவிந்தப்பன். "நான் யாருன்னு கர்த்தருக்குத் தெரியும். தாசில்தாருக்குத்தான் தெரியாது."

அருள்செல்வி பஜ்ஜித் தட்டை அவசரமாக நீட்டினார். பயனில்லை. ஐசக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க சபையில பிதாவும் இயேசுவும் ஒருத்தரேதான்னு சொல்றீங்க. சரி. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல முழங்கால் போட்டு இயேசு ஜெபம் பண்ணாரே, யாருகிட்டப் பண்ணாரு? தன்கிட்டயேவா?"

கோவிந்தப்பனின் கை பஜ்ஜியோடு பாதி வழியில் நின்றது. அவர் மகனைப் பார்த்தார். மகன் ஜாஸ்லினைப் பார்த்தான். ஜாஸ்லின் சுவரைப் பார்த்தாள். "அது பெரிய ரகசியங்க" என்றார் சென்னம்மா மெதுவாக.

ஐசக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்தவருக்கு வரும் இரக்கம் வந்தது. பாவம், கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் தவறான வழியில் போய்விட்டார்கள், நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போய், தாமே ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ்கட்டி எடுத்து ஒரு டம்ளரில் போட்டார், இன்னொன்றில் தண்ணீர் ஊற்றினார், காபிக்கு வெந்நீர் வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்தார். இருபது வருஷம் பழகிய கை. ஐஸ், தண்ணி, ஆவி.

"மூணும் ஒரே தண்ணிதான்" என்று முடித்தார்.

கோவிந்தப்பனின் முகம் விரிந்தது. "அவுனு! அவுனு!" என்று தெலுங்கில் ஆமாம் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். "பிரதர், இதையேதான் எங்க பாஸ்டரு போன வாரம் சொன்னாரு! அதே ஐஸு, அதே தண்ணி! ஒரே தண்ணிதான் மூணா மாறி வருது. மூணு பேரு இல்ல!"

"இல்ல... அது வேற" என்றார் ஐசக்.

"எப்பிடிங்க மாமா வேற?" என்று டெல்வின் கேட்டான். குறும்பு இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான்.

ஐசக் டம்ளரைப் பார்த்தார். ஒரே தண்ணீர் ஐஸாக இருக்கும்போது ஆவியாக இருக்க முடியாது. அப்படியானால் ஒருவரேதான் வேஷம் மாறுகிறார். அதைத்தானே இவர்கள் சொல்கிறார்கள்? இருபது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதற்குள் கோவிந்தப்பன் அவரைக் கட்டிப்பிடித்து "சம்பந்தி!" என்றார். அம்மாக்கள் இருவரும் அந்த நொடியைத் தவறவிடாமல் நிச்சயதார்த்தத் தேதியைக் குறித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் உத்தனப்பள்ளிச் சபையில் கோவிந்தப்பன் எழுந்து நின்று சாட்சி சொன்னார்: "என் சம்பந்தி ஓசூர்ல பெரிய சபைக்காரரு. அவரே நம்ம உபதேசத்த ஐஸ் வெச்சு விளக்குறாரு!" சபை கைதட்டியது. கைதட்டிய ஒருவருக்கு ஓசூரில் ஒரு மச்சான். அந்த மச்சான் ஐசக்கின் சபை. இனி நான் சொல்ல வேண்டுமா?

அதற்கடுத்த ஞாயிறு, சபை வாசலில் செருப்புக் கழற்றும்போதே ஐசக்குக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் சபைக் கமிட்டித் தேர்தல், செயலாளர் பதவிக்கு அவர் பெயர் இருந்தது. பிரஸ் கடைத் திம்மப்பன்தான் நெருங்கி வந்தார். பழி தீர்க்கத் தெரியாத மனிதர் அவர். மெய்யான அக்கறையோடு கேட்டார்: "அண்ணா, நீங்க இப்ப மூணா, ஒண்ணா?"

ஐசக்கைப் பார்த்து இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்பது ஐம்பத்து நாலு வயதில் அவருக்குத் தெரியவந்தது. கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது, தெரிந்த வசனமும் மறந்துபோகும்.

ஆராதனை முடிந்ததும் ஆயரைப் போய்ப் பார்த்தார். சின்ன வயது ஆயர், பெங்களூரில் இறையியல் படித்தவர்.

"ஐயா, அந்த ஐஸ் உதாரணம் சரிதானுங்களே?"

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐசக் அண்ணே, அது ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே சபை தள்ளிவிட்ட உபதேசம்."

"சூரியன், வெளிச்சம், சூடு?"

"அதுல வெளிச்சமும் சூடும் சூரியனுக்குக் கீழ போயிடும். குமாரன் சின்னவர் ஆயிருவார்."

"தேங்கா? ஓடு, பருப்பு, தண்ணி?"

"அதுல கடவுள் மூணு துண்டாயிருவார்."

ஐசக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எந்த உதாரணம்தான் சரி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்க எப்பிடிப் பிரசங்கம் பண்றீங்க?"

ஆயர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திரித்துவ ஞாயிறு வந்தா வெளியூர்ப் பிரசங்கியார் யாரையாவது கூப்பிட்டுருவேன்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் ஐசக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். வருஷத்துக்கு முப்பது பிள்ளைகள், இருபது வருஷம். சபையில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் அவரே தன் கையால் ஐஸ் கொடுத்து வேதப்புரட்டராக்கியிருக்கிறார். அன்று மாலை முழங்கால் போட்டார். "பிதாவே" என்று ஆரம்பித்ததும் கண்ணுக்குள் ஐஸ்கட்டி வந்து நின்றது. தள்ளிவிட்டு "இயேசுவே" என்றார், டம்ளர் வந்தது. எதுவும் வராத இடமாகப் பார்த்து ஜெபிக்கலாமென்று கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருந்தார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். சிரிக்க வேண்டாம். அந்த மனிதர் அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

பயந்த மனிதன் என்ன செய்வான்? தன்மேல் விழுந்த கறையைக் கழுவ மற்றவர் மேல் தண்ணீரை ஊற்றுவான். திங்கட்கிழமை காலையில் கோவிந்தப்பனுக்குப் போன் போட்டார். "உபதேசம் ஒத்து வரலைங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்." அந்தப் பக்கம் "சரிங்க பிரதர்" என்று ஒரு குரல் கேட்டது. சம்பந்தி திரும்பவும் பிரதர் ஆகிவிட்டார்.

ஜாஸ்லின் அழவில்லை, கத்தவில்லை. வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று கேட்டாள்:

"அப்பா, அந்த ஐஸ் எனக்கு அஞ்சு வயசுல நீங்க சொல்லிக் குடுத்தது. இன்னைக்கு வரைக்கும் நான் அதத்தான் நம்பறேன். டெல்வின் நம்பினா தப்புன்னா, என்னையும் தள்ளிடுவீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அப்பாவோடு அவள் பேசவில்லை. "டிபன் எடுத்து வெச்சிருக்குது" என்றுகூடச் சுவரிடம்தான் சொன்னாள்.

பத்தாவது நாள் காலை. அருள்செல்வி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். களி கிண்டும்போது கையை நிறுத்த முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஐசக் சமையலறை வாசலில் நின்று, உபதேசம் என்றால் உபதேசம்தான், மகளுக்காக வளைக்க முடியாது, நாளைக்கு அவள் பிள்ளைகள் எந்தத் தேவனைக் கும்பிடும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அருள்செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிண்டிக்கொண்டே சொன்னார்:

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஊருல இருக்கற எல்லாரையும் கேட்டுட்டீங்க. டீச்சரக் கேட்டீங்க, மலையாளத்தாரக் கேட்டீங்க, கதவத் தட்டுனவங்கள உக்கார வெச்சுக் கேட்டீங்க. இருபத்தேழு வருஷமா உங்க கூட இருக்கறன். நான் யார எப்பிடி நெனச்சு ஜெபம் பண்றன்னு என்னைக்காச்சும் கேட்டீங்களா?"

உண்மைதான். கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சபை மாறினாள், கையெழுத்துப் போட்டாள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். தினமும் விடியுமுன் அவள் எழுந்து அந்த ஜன்னலோரம் கால்மணி நேரம் கண் மூடி உட்காருவாள். உதடு அசையும். என்ன சொல்கிறாள்? யாரிடம்? மாதாவிடமா? ஒருவரிடமா? மூவரிடமா?

"யாரு?" என்றார். தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டது. "யார நெனச்சு?"

அருள்செல்வி களியை உருட்டித் தட்டில் வைத்தார். நடுவில் குழி செய்து கீரைக் குழம்பை ஊற்றினார்.

"இப்ப சொல்ல மாட்டன்" என்றார். "இருபத்தேழு வருஷம் தெரியாமலே குடும்பம் நடத்தலையா? சாப்பிடுங்க."

அன்றைக்கு ஐசக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ராயக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கினார். விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தக்காளி பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கோவிந்தப்பன் பழுத்ததையும் செங்காயையும் தனித்தனிக் கிரேடில் பிரித்துக்கொண்டிருந்தார். ஐசக்கைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலிக் கிரேடைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். கோபத்தின் சாயலே இல்லை. அதுதான் ஐசக்குக்குத் தாங்கவில்லை.

"நான் சொன்ன ஐஸ் கத தப்பாம்" என்றார் எடுத்த எடுப்பில். "எங்க சபை அப்பிடி நம்பறது இல்ல. ஆனா எப்பிடி நம்புதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. இத்தன வருஷமா தெரிஞ்ச மாதிரி பேசிட்டு இருந்துட்டன். உங்க ஊட்டுக்கு வந்து பொண்ணு குடுக்க எனக்கு என்ன தகுதி இருக்குதுன்னு தெரியல. குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

கோவிந்தப்பன் ஒரு தக்காளியை எடுத்துப் பழுத்த கிரேடில் போட்டார்.

"சம்பந்தி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஐசக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கேட்டீங்களே, தோட்டத்துல யாருகிட்ட ஜெபம் பண்ணாருன்னு. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. பாஸ்டரக் கேட்டன். மூணு நாள் உபவாசம் இருன்னாரு. இருந்தன். பசிதான் வந்துச்சு. ஆனா ஒண்ணு. சென்னம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் வராண்டாவுல உக்காந்து கூப்பிட்டனே, அப்ப எந்தச் சபையும் எனக்குத் தெரியாது. யாரு பேரும் தெரியாது. யோவ், யாராச்சும் வாங்கய்யான்னுதான் கூப்பிட்டன். யாரோ வந்தாங்க. ஒருத்தரா, மூணு பேரான்னு எண்ணிப் பாக்குற நெலமையில நான் இல்லீங்க."

இரண்டு பேரும் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. தக்காளி விலையைப் பற்றி, ராயக்கோட்டை மண்டியைப் பற்றி, டெல்வினின் இரவு ஷிப்டைப் பற்றிப் பேசினார்கள். ஐசக்குக்கு வேறு விஷயமும் பேச வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் என்ன அச்சடிப்பது என்று மட்டும் கொஞ்சம் இழுபறி. 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே' என்று இங்கிருந்து ஒரு வரி போனது, 'இயேசுவின் நாமத்தினாலே' என்று அங்கிருந்து ஒரு வரி வந்தது. இரண்டையும் அடித்துவிட்டு ஜாஸ்லினே ஒன்று எழுதினாள்: 'கர்த்தர் நல்லவர்.' அதற்கு எந்தச் சபையிலிருந்தும் திருத்தம் வரவில்லை. மணி அடித்து ஆயர் கல்யாணத்தை நடத்தினார், சாப்பாட்டுப் பந்தலில் உத்தனப்பள்ளிப் பாஸ்டர் தெலுங்கில் ஜெபித்தார், ஜோதிமணி டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், குரியாக்கோஸ் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். கமிட்டித் தேர்தலில் ஐசக் நிற்கவில்லை. செயலாளராக வந்தவர் பிரஸ் கடைத் திம்மப்பன். எல்லாருமே நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஐசக் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் திருந்திவிட்டார். மாதத்துக்கு ஒரு தரம் யாராவது ஜெபிக்கும்போது அவர் வாய் லேசாக அசையும், உடனே இருமிவிடுவார். இப்போது சிக்கல் வேறிடத்தில். இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளக்கூடியது. சென்ற வாரம் ராயக்கோட்டை மண்டியில் கிரேடு இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஆளிடம், அவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும், கோவிந்தப்பன் கேட்டாராம்: "பிரதர், ஒரு சின்ன சந்தேகம். கெத்செமனேயில..."

போகட்டும். நீங்கள் எப்படி?

படித்துக்கொண்டே வரும்போது எங்கேயாவது, 'ஆர்த்தடாக்ஸ்காரர்களின் வாதம் அவ்வளவு லேசானது அல்லவே' என்றோ, 'சூரியன் உதாரணத்துக்கு ஆயர் சொன்ன மறுப்பு முழுமையானது இல்லையே' என்றோ உங்கள் கை ஓரத்தில் குறிப்பெழுதப் பென்சிலைத் தேடியதா? இல்லை, நான் கிறிஸ்தவனே இல்லை, எனக்கென்ன என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டீர்களா? நல்லது. உங்கள் பக்கத்தில் நெற்றிக்கு நாமம் எப்படிப் போட வேண்டும் என்பதில் சண்டையே இல்லை என்பது எனக்கு மகிழ்ச்சி. கடவுளே இல்லை என்கிறவரா? அதைவிட மகிழ்ச்சி. ஆனால் போன வாரம் உங்கள் நண்பரிடம், 'நீ இல்லை என்று சொல்கிற விதமே சரியில்லை' என்று ஒரு மணி நேரம் விளக்கியது யார்?

பென்சிலைக் கீழே வையுங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்படி எத்தனை பேர் என்று ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு மட்டும் இந்த நோய் இல்லை என்பதால்.